ஒட்டாத நிக்கல்

அத்தியாயம் 4

சங்ககிரி மலைக்கோட்டை கண்ணில் பட்டதிலிருந்து செங்கோட்டையனின் வாய் மூடவே இல்லை. பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவன். இந்த ஊரில் அவனுக்குத் தெரியாத டீக்கடையும் கிடையாது, அவனைத் தெரியாத பஞ்சர் கடையும் கிடையாது. இப்போது அவன் ஓட்டுவது ஒரு கிழட்டு ஆம்னி வேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தெய்வநாயகி. இருபது வருஷம் லாரி இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, விபத்து எப்படி நடந்தது என்று புளுகினவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, சூரமங்கலத்தில் ஒரு பரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டவள்.

"ஏனுங்க மேடம், திருடி யாருன்னு கட்சிக்காரரே போன்ல சொல்லிப்போட்டாரு. அப்புறம் நாம எதுக்குங்க போறோம், சாம்பிராணி போடவா?"

"அவர் சொன்னது ஒரு பேரு. நடந்தது என்னன்னு அவருக்கே தெரியாது."

"பெட்ரோலு ரெண்டுக்கும் ஒண்ணுதானுங்க."

"ரோட்டைப் பாத்து ஓட்டு, கோட்டை."

விஷயம் இதுதான். சங்ககிரியில் தனபால் என்பவருக்கு ஒரே காம்பவுண்டுக்குள் லாரி கம்பெனி ஒன்று, பட்டறை ஒன்று. பட்டறைக்குப் பேர் செல்லாண்டி கோட்டிங்ஸ். போர்வெல் ரிக் வண்டிகளின் ஜாக்கிக் கம்பி தேய்ந்து போனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. இங்கே கொண்டுவந்தால் அதன் மேல் நிக்கல் தூளை அடித்துப் புதுசு போல ஆக்கித் தருவார்கள். பத்து நாளாக அடித்த நிக்கல் எல்லாம் உரிந்துகொண்டு வருகிறது. தூளோ இரண்டு மடங்கு தீர்கிறது. மெஷினைத் தொடுவது இலக்கியா என்ற பெண் ஒருத்திதான். ஆகவே அவள் நல்ல தூளைத் திருடி வெளியே தள்ளிவிட்டு மட்டமான தூளைக் கலக்கிறாள் என்று தனபால் தீர்ப்பே எழுதிவிட்டார். நாலு மணிக்கு ஸ்டேஷனில் புகார். அதற்குள் ஒரு சாட்சி பிடித்துக் கொடுக்கத்தான் தெய்வநாயகியைக் கூப்பிட்டிருந்தார்.

கேட்டுக்குள் வேன் நுழைந்ததும் செங்கோட்டையன் ஹாரனை இரண்டு தரம் அடித்தான். எட்டு லாரிகள் வரிசையாக நின்றன. அத்தனையும் கிளிப்பச்சை. முன்பக்கம் தாமரை, பம்பருக்கு மேலே திருஷ்டிக்காக இரண்டு பெரிய கண்கள்.

"பாத்தீங்களா மேடம், அந்தக் கண்ணு! புருவத்தைப் பாருங்க! யாரு கைவண்ணம்னு நெனைக்கறீங்க?"

"யாரு?"

"ஆயுத பூசைக்கு முந்தின வாரம் லீவு கேட்டனே..."

"மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னே."

"மாமியாரு கல்லுக்குண்டாட்டம் இருக்குதுங்க." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். "எட்டு லாரி, ரெண்டு கேட்டு, தண்ணி டேங்கு, டீ டிரம்மு. நட்டு போல்டு கூடப் பளபளன்னு இருக்கோணும், ஒண்ணு உடாத அடின்னு ஓனரே சொன்னாருங்க. நாலு நாளு, ஒத்தை ஆளு!"

"பொய்யைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி இறங்கினாள் தெய்வநாயகி.

தனபால் எதிரே வந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நாலாக மடித்த புகார்க் கடுதாசி. "அட, நம்ம பெயிண்டரு! துப்பறியவும் கெளம்பிட்டியா? வாங்க மேடம். மணி ஒண்ணரை ஆச்சுங்க. அந்தப் புள்ளைகிட்டப் பேசறதுல பிரயோசனமில்லீங்க. காலைல டீ நேரத்துல அந்த டீ டிரம்முகிட்ட எல்லாரையும் வெச்சுக்கிட்டே கேட்டுப்போட்டேன். வாயத் தெறக்கோணுமே!"

"என்ன கேட்டீங்க?"

"திருடீன்னு கேட்டேன்."

"அது கேள்வியே இல்லையே" என்று தெய்வநாயகி மெஷின் அறைப் பக்கம் நடந்தாள்.

கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் இலக்கியா உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவள். காலையிலிருந்து மெஷினைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கண் சிவந்திருந்தது, ஆனால் ஒரு சொட்டு கீழே விழவில்லை. செங்கோட்டையனுக்கு அவளைப் பார்த்ததுமே தன் வீட்டு ஞாபகம் வந்தது. அவனுக்கும் இந்த வயசில் ஒரு தங்கச்சி உண்டு.

"நான் எடுக்கலீங்க. போலீசுல பேரு போச்சுன்னா எங்கப்பா ஊர்ல தலை நிமுந்து நடக்க மாட்டாருங்க. இந்த மெஷினைப் பழக எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு. திருடீன்னு பேரு வாங்கிட்டு வேற எந்தப் பட்டறையில போயி நிப்பேன்?"

"மெஷின் என்ன செய்யுது? நாலாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றாள் தெய்வநாயகி.

"தூளை உருக்கறதே இல்லைங்க. வாயுவை அழுத்தி, சூடு பண்ணி, இந்த மூக்கு வழியா உடுவோம். அது தூளை இழுத்துக்கிட்டுத் துப்பாக்கிக் குண்டாட்டம் போயி கம்பியில மோதும். மோதற வேகத்துல தூளு நசுங்கி அப்படியே ஒட்டிக்கும். வேகந்தானுங்க எல்லாமே."

"அட, வரட்டி தட்டற கணக்கு!" செங்கோட்டையன் குறுக்கே புகுந்தான். "ஓங்கி அடிச்சாத்தான் செவுத்துல நிக்கும்."

இலக்கியாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தரமாக ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. "அதேதானுங்கண்ணா. மெல்லப் போட்டா கீழ உழுந்துரும்."

தெய்வநாயகி மேஜை மேல் கிடந்த கம்பியை எடுத்து, உளி முனையால் லேசாக நெம்பினாள். நிக்கல் வேர்க்கடலைத் தோலாட்டம் கழன்று வந்தது. அவள் அதை விரலில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒட்டாத வரட்டி கீழே விழும். ஒட்டாத தூள் எங்கே போகும்?"

இலக்கியா நிமிர்ந்தாள். "தூசி உறிஞ்சற மெஷினு இருக்குதுங்க. அதுக்கடியில ஒரு டிரம்மு. மாசக் கடைசியிலதான் தெறப்போம்."

"கோட்டை, அதைத் தூக்கிட்டு வா."

செங்கோட்டையன் முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு, கையைத் தட்டி, டிரம்மைக் கட்டிப் பிடித்தான். டிரம் அசையவில்லை. மூச்சைப் பிடித்தான். அவன் இடுப்பில்தான் ஏதோ 'களுக்' என்றது. கடைசியில் மூன்று பேர் சேர்ந்து உருட்டி மூடியைத் திறந்தார்கள். உள்ளே விளிம்பு வரைக்கும் சாம்பல் நிறத்தில் நிக்கல் தூள்.

"ஏனுங்க ஓனரு, திருடுன சாமானை உங்க டிரம்முலயே போட்டு வெச்சுட்டுப் போற திருடியை நான் இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்" என்றான் செங்கோட்டையன், இடுப்பைப் பிடித்தபடி.

தனபாலின் முகம் சுண்டிப்போனது. ஆனால் ஆள் லேசில் விடுகிறவர் இல்லை. "சரி, திருடலைன்னே வெச்சுக்குவோம். அப்ப வேணும்னே கெடுத்திருக்கா. செட்டிங்கை மாத்தியிருக்கா. எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். புகாருல ஒரு வரியை மாத்தினாப் போதும்." சட்டைப் பையைத் தட்டிக்காட்டினார்.

மணி இரண்டு இருபது.

அடுத்த அரைமணி நேரம் மெஷினுக்குப் பரீட்சை. மெஷின் தன் ஞாபகத்தில் தினத்தினம் பதிந்து வைத்திருந்ததை இலக்கியா ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினாள். வாயுவின் அழுத்தம், நல்ல கம்பி வந்த நாளிலும் உரிந்த கம்பி வந்த நாளிலும் ஒரே அளவு. சூடும் அதே அளவு. மூக்குக்கும் கம்பிக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரத்தைத் தெய்வநாயகி தன் கையால் அளந்தாள், சரியாக இருந்தது. மூக்கு சாய்ந்திருந்தால் தூள் வழுக்கிப் போகும் என்று இலக்கியா சொன்னதும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார்கள், நேர் செங்குத்து. தூளில் ஈரமும் இல்லை.

"அழுத்தம் பொருந்துது, சூடு பொருந்துது, தூரம் பொருந்துது, சாய்வு பொருந்துது. பத்துக்கு ஒம்போது பொருத்தம் இருக்குது, கல்யாணம் மட்டும் நிக்க மாட்டீங்குதே!" என்று கையை விரித்தான் செங்கோட்டையன்.

"பத்தாவது பொருத்தம் எதுன்னு கேளு" என்றாள் தெய்வநாயகி. பிறகு இலக்கியா பக்கம் திரும்பினாள். "திரையில தெரியாதது ஏதாவது மாறிச்சா? யோசிச்சுச் சொல்லு."

இலக்கியா தயங்கினாள். "சத்தங்க. எப்பவும் கீச்சுன்னு கூவும். பத்து நாளா தொண்டை கட்டுன மாதிரி வருது. மொத நாளே ஓனரண்ணாகிட்டச் சொன்னேன். காதை டாக்டர்கிட்டக் காட்டும்மான்னு சிரிச்சாரு."

தனபால் கூரையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரே கூச்சல். பக்கத்து ஷெட்டில் டேங்கர் வெல்டிங் பார்க்கும் கருப்பண்ணன், கையில் ஒரு துண்டுத் தகட்டை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஓனருங்க, நீங்களே பாருங்க! மறுக்காவும் கருகிப் போச்சு! பொரிப்பொரியா வருது. பூசை முடிஞ்சதுல இருந்து ஒரு வெல்டிங்கு உருப்படலை. நம்ம காம்பவுண்டு மேல எவங் கண்ணோ பட்டுருச்சு!"

"போய்யா அக்கட்டால! நானே இங்க..."

"ஒரு நிமிஷம்." தெய்வநாயகி தகட்டைக் கையில் வாங்கினாள். "என்னைக்கிலிருந்து?"

"ஆயுத பூசைக்கு மறுநாளுங்க."

"இலக்கியா, நிக்கல் உரிய ஆரம்பிச்சது?"

"அதே நாளுதானுங்க."

தெய்வநாயகி சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் செங்கோட்டையன் நன்றாக அறிவான். இன்சூரன்ஸ் காலத்தில், பள்ளத்தில் உருண்டதாகச் சொன்ன லாரியின் சைடு கண்ணாடி உடையாமல் இருப்பதைப் பார்த்ததும் வருமே, அந்தச் சிரிப்பு.

"கோட்டை, ஒரு வீட்ல உப்பு காணோம். பக்கத்து வீட்ல சர்க்கரை காணோம். முதல் வீட்டுக் கொழம்பு இனிக்குது, ரெண்டாம் வீட்டுப் பாயசம் கரிக்குது. எத்தனை திருடங்க?"

"திருடனே இல்லீங்களே! ரெண்டு டப்பாவும் மாறிப் போச்சு, அவ்ளோதான்."

"வா, டப்பாவைப் பாக்கலாம்."

பின்பக்கம் கம்பிக் கூண்டு. வாயு சிலிண்டர்கள் எல்லாம் அங்கேதான். கூண்டு வாசலில் லோடுமேன் காத்தான் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். சிலிண்டரைத் தூக்கிப் போய்ச் சுவருக்குப் பின்னால் குழாயில் மாட்டுவதெல்லாம் அவன்தான், மற்றவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. தெய்வநாயகி கேட்காமலேயே அவன் புலம்பினான். "வயசாயிருச்சுங்க சாமி. இந்தப் புள்ளை மெஷினுக்குத் தூக்கறது முன்னெல்லாம் லேசா இருக்கும், வெல்டிங்குக்குத் தூக்கறதுதான் கனம். இப்ப எது கனக்கும், எது லேசா வருமுன்னே தெரிய மாட்டீங்குது."

"இவ மெஷினுக்கு எந்த வாயு?"

"நைட்ரஜனுங்க" என்றாள் இலக்கியா. "வெல்டிங்குக்கு ஆர்கான்."

"எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இது என்னங்க மேடம் கேள்வி?" தனபாலுக்குப் பொறுமை போய்விட்டது. "நைட்ரஜன் சாம்பல் கலரு, கழுத்துல கருப்புப் பட்டை. ஆர்கான் மயில் நீலம். பச்சைக் கொழந்தைக்குக் கூடத் தெரியும்!"

"எங்க, காட்டுங்க."

எல்லோரும் கூண்டுக்குள் பார்த்தார்கள். பதினெட்டு சிலிண்டர்கள், உயர வரிசைப்படி அழகாக அடுக்கி நின்றன. அத்தனையும் கிளிப்பச்சை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு தாமரை. தாமரைக்கு மேலே, வளைந்த புருவத்தோடு, இரண்டு கண்கள்.

முப்பத்தாறு கண்களும் செங்கோட்டையனையே பார்த்தன. அவன் மெல்ல வேன் பக்கம் ஓரடி பின்னால் வைத்தான்.

"யாரு... யாரு இப்படிப் பண்ணினது?" தனபால் ஒரு சிலிண்டரைத் தடவிப் பார்த்தார். "குத்தவாளி யாருங்க மேடம்?"

"என் வண்டியை ஓட்டிட்டு வந்தவன்" என்றாள் தெய்வநாயகி.

அப்புறம் எழுந்த சத்தத்தைக் கேட்டு டீ டிரம்மில் உட்கார்ந்திருந்த காக்கையெல்லாம் பறந்தது. செங்கோட்டையன் கையெடுத்துக் கும்பிட்டான். "சத்தியமாத் தெரியாதுங்க! ஓனருதான் ஒண்ணு உடாத அடின்னாரு! அடிச்சு முடிச்சதும் இவருதானுங்க போட்டோ புடிச்சு வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வெச்சாரு!"

"மேலாக்க சொரண்டிப் பாத்தா அடியில பழைய கலரு தெரியும்" என்றார் கருப்பண்ணன்.

"தெரியாதுங்க..." செங்கோட்டையனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியற வரைக்கும் தேச்சுட்டேன். பொறிச்சிருந்த எழுத்துக்கெல்லாம் பட்டி மாவு பூசி அடைச்சுட்டேன், இப்ப நோண்டுனா ஒண்ணுக்கே அரைமணி ஆகும். அப்புறந்தான் எனாமலு. நான் வேலைன்னு எறங்குனா அரைகுறையாச் செய்யமாட்டேனுங்க."

"இருபது வருஷ சர்வீஸ்ல, சாட்சியை இவ்வளவு நேர்த்தியா அழிச்ச ஒருத்தனை நான் பாத்ததில்லை" என்றாள் தெய்வநாயகி.

தனபாலுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. "அட, ரெண்டும் வாயுதானேங்க. அழுத்தம் அதே, சூடு அதேன்னு நீங்களே பாத்தீங்க. வாயு மாறினா என்ன கெட்டுப்போச்சு?"

இலக்கியா ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணாக இப்போது இல்லை. "ஆர்கான் கனமான வாயுங்கண்ணா. அதே அழுத்தத்துல, அதே சூட்டுல உட்டாலும் நைட்ரஜன் ஓடற ஓட்டம் ஓடாது. தூளையும் அந்த வேகத்துக்கு இழுக்காது. மோதற வேகம் பத்தலைன்னா தூளு எகிறி டிரம்முக்குப் போயிரும். ஒட்டுனது கொஞ்சமும் பொத்தப் பொத்தையா நிக்கும். சத்தம் கம்மினதும் அதனாலதான்."

"லோடு ஏத்துன வண்டி மலை ஏறுன மாதிரி" என்று முனகினான் செங்கோட்டையன். யாரும் சிரிக்கவில்லை.

"கனம்னு சொன்னே இல்லையா, அதை வெச்சே பிரிச்சுரலாம்" என்றாள் தெய்வநாயகி. "பூசைக்கு லாரியில கட்டின பலூன் மிச்சம் இருக்கா?"

இருந்தது, ஒரு பாக்கெட். மணி மூன்று. பதினெட்டு சிலிண்டரிலிருந்தும் பதினெட்டு பலூனை ஒரே அளவாக ஊதி, நம்பர் எழுதி, செங்கோட்டையனை லாரி கேபின் மேல் ஏற்றினார்கள். இரண்டிரண்டாகக் கீழே விட வேண்டியது அவன் வேலை. முதல் ஜோடியை விட்டான். சிவப்புப் பலூன் மாப்பிள்ளை ஊர்வலம் போல ஆடி அசைந்து இறங்கியது. மஞ்சள் பலூன் விறுவிறுவென்று நேரே தரைக்கு வந்து உட்கார்ந்தது.

"மஞ்சளு ஆர்கானு!" என்று காத்தான் இடுப்பு வலியை மறந்து குதித்தான். அதற்குப் பிறகு அந்தக் காம்பவுண்டில் வேலை செய்கிற ஒரு ஆளும் வேலை செய்யவில்லை. டிரைவர்கள், கிளீனர்கள், ஆபீஸ் பெண்கள் எல்லோரும் ஓடிவந்து, ஒவ்வொரு பலூனுக்கும் "ஆர்கானு!", "நைட்ரஜனு!" என்று ஏலம் கூவுவது போலக் கத்தினார்கள். தனபால் கூட ஒரு தரம் தன்னை மறந்து கத்திவிட்டு, பிறகு இருமுவது போல் பாவனை செய்தார். பதினெட்டில் ஏழு ஆர்கான்.

மூன்றே முக்காலுக்கு இலக்கியா நல்ல நைட்ரஜனை மட்டும் மாட்டச் சொல்லி, கண்ணாடிக் கதவைச் சாத்தி, மெஷினைப் போட்டாள். கீச்சென்று கூவியது பாருங்கள், செங்கோட்டையன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் மட்டும் கண்ணை மூடி அதை முழுசாகக் கேட்டாள். "இதுதானுங்க" என்றாள்.

கம்பி ஆறியதும் அதை மேஜை மேல் வைத்து, உளியையும் சுத்தியலையும் தனபாலிடம் நீட்டினாள். "நீங்களே அடிச்சுப் பாருங்கண்ணா."

தனபால் அடித்தார். நிக்கல் அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார். உளியின் முனைதான் மழுங்கியது. அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேட்டியைச் சரி செய்துகொண்டார். "செரி அம்மிணி. நாளைக்கு எப்பவும் போல வந்துரு."

"வாரேனுங்கண்ணா. ஆனா காலைல எந்த எடத்துல நின்னு திருடீன்னு சொன்னீங்களோ, அந்த எடத்துல நின்னு, அத்தனை பேரு முன்னால இல்லைன்னு சொல்லுங்க. அப்பத்தான் வருவேன்."

செங்கோட்டையனுக்கு, அந்தப் பெண்ணுக்கு இருக்கிற நெஞ்சழுத்தத்தைப் பார்த்துச் சபாஷ் என்று கத்த வேண்டும் போல இருந்தது. தன் நிலைமை நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டான். தனபால் மெதுவாக நடந்து டீ டிரம் பக்கத்தில் போய் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இலக்கியா ஒரு துளி தூளு எடுக்கலை. எதையும் கெடுக்கவும் இல்லை. ஆராயாம பேசினது எந் தப்பு." கொஞ்சம் நிறுத்தி, "சத்தம் மாறுதுன்னு மொத நாளே சொல்லுச்சு. நாந்தான் கேக்கலை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

காலையிலிருந்து அழாத பெண் அப்போதுதான் அழுதாள். கருப்பண்ணன் அவள் தலையைத் தடவினார். காத்தான் டீ எடுத்து வந்து கொடுத்தான்.

மணி நாலு. ஸ்டேஷனுக்குப் போகவேண்டிய நேரத்தில் செங்கோட்டையன் கூண்டு வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உப்புத்தாளால் தன் தாமரைகளைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் சாம்பல் பெயிண்ட் டப்பா, ஒரு பக்கம் மயில் நீலம், நடுவில் கருப்பு. தெய்வநாயகி வேன் நிழலில் நின்று அறிக்கை எழுதினாள்.

"மேடம், அறிக்கையில எம் பேரு வருதுங்களா?"

"ரெண்டு எடத்துல. உதவியாளர்னு ஒண்ணு, குற்றவாளின்னு ஒண்ணு. மாமியார் விஷயம் தனி."

அவன் பெருமூச்சு விட்டு இலக்கியாவைப் பார்த்தான். அவள் ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் பட்டியை நோண்டி எடுத்து, அடியில் இருந்த எழுத்தை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மிணி, ஒத்தைக் கண்ணு மட்டும் உட்டுட்டுமா? அந்தப் புருவம் மறுக்கா எனக்கே வராது."

"உப்புத்தாளை எடுங்கண்ணா."

பிரஷ் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று செங்கோட்டையன் சுற்றுமுற்றும் தேடினான். இலக்கியா எழுந்து தனபாலிடம் போய்க் கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அந்தக் கடுதாசியை எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதைப் பிரித்துத் தன் பேர் இருந்த வரியை ஒரு தரம் படித்தாள். அப்புறம் செங்கோட்டையனிடம் நீட்டினாள்.

"இதுல தொடைங்கண்ணா."